விழுந்த காலுக்கு எதற்கு ஆபரேஷன்?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். என் அப்பாவுக்கு வயது 73. மூன்று வருடம் முன்பு பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. கை திரும்ப வரவே இல்லை. கால் ஓரளவு வந்தது. வலது கையில் கம்பை ஊன்றி வீட்டுக்குள் நடப்பார், காலையில் திண்ணைக்கு வந்து பேப்பர் படிப்பார். போன ஞாயிறு விடியற்காலை பாத்ரூம் போகும்போது இடது பக்கமாகவே விழுந்துவிட்டார். தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகியிருக்கிறது, பாதி மூட்டு மாற்ற வேண்டும் என்று எலும்பு டாக்டர் சொல்கிறார். சித்தப்பாவோ, "விழுந்த காலுக்கு எதுக்கும்மா ஆபரேஷன்? மயக்க மருந்து கொடுத்தா மறுபடியும் வாதம் வந்துரும். நாட்டுக் கட்டு போட்டுப் படுக்க வெச்சுப் பார்த்துக்கலாம்" என்கிறார். வெளியூரில் இருக்கும் அண்ணன் என்னையே முடிவு செய்யச் சொல்கிறான். ரத்தம் கட்டாமலிருக்க அப்பா ஆஸ்பிரின், குளோபிடோகிரல் இரண்டும் சாப்பிடுகிறார். நான் என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: இந்தக் கடிதம் மின்னஞ்சலில் வந்த அன்றே எண் வாங்கி இவரிடம் பேசிவிட்டேன். இடுப்பு உடைந்தவருக்குப் பத்திரிகை அச்சாகும்வரை காத்திருக்க நேரம் கிடையாது. ஆனால் சித்தப்பா கேட்ட இதே கேள்வியை முப்பது வருடமாக வார்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் போனில் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

அம்மா, வாதம் வந்த காலில் பெரும்பாலும் போவது அசைவுதான், வலி அப்படியே இருக்கும். ஆபரேஷன் வேண்டாம் என்று வீட்டுக்குக் கூட்டிப்போன ஒரு பெரியவரை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். பெட்பேன் வைக்க இரண்டு பேர் இடுப்பைத் தூக்கினார்கள். உடைந்த எலும்பு உள்ளே உரசியது. அவர் நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்த பிடியில் விரல் நுனியெல்லாம் வெளுத்துவிட்டது. அந்த வலிக்குப் பயந்து அவர் செய்தது என்ன தெரியுமா? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். சிறுநீர் வந்தால்தானே தூக்குவார்கள்! அப்புறம் சிறுநீர்த் தொற்று வந்தது, நெஞ்சில் சளி கட்டியது, முதுகில் புண் வந்தது. இடுப்பு முறிவு உயிரை வாங்குவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

ஆகவே இந்த ஆபரேஷன் நடப்பதற்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் அப்பாவை வலியில்லாமல் ஒருக்களித்துப் படுக்க வைக்க, வேட்டி மாற்ற, நிமிர்ந்து உட்கார வைத்துப் புரை ஏறாமல் சோறு ஊட்ட, அதற்கெல்லாம் சேர்த்துத்தான் இது. நடை திரும்ப வந்தால் பெரிய லாபம்.

கட்டு போட்டால் கூடாதா என்றால், இந்த இடத்தில் கூடாது. தொடை எலும்பின் கழுத்து இடுப்பு மூட்டுக்குள்ளே இருக்கிறது. மேலே இருக்கும் பந்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அந்தக் கழுத்தை ஒட்டித்தான் ஏறுகின்றன. எலும்பு விலகும்போது அவையும் அறுந்துவிடுகின்றன. வயதானவர்களுக்கு அந்தப் பந்து பெரும்பாலும் பிழைப்பதில்லை. அதனால்தான் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்கிறோம். கழுத்துக்குக் கீழே உடைந்திருந்தால் கதை வேறு, அங்கே ராடு, ஸ்க்ரூ போட்டால் எலும்பு சேர்ந்துவிடும். வெளியிலிருந்து கட்டுகிற கட்டு இந்த இரண்டில் எதையும் அசையாமல் பிடித்துவைக்காது.

இன்னொரு பயம், மறுபடி வாதம் வருமா என்பது. ஒரு தடவை வந்தவருக்கு மற்றவர்களைவிட ஆபத்து கூடுதல்தான், அதை மறைக்கக் கூடாது. வாதம் வந்து சில மாதங்களே ஆகியிருந்தால் அது இன்னும் அதிகம். உங்கள் அப்பாவுக்கு மூன்று வருடம் ஆகிவிட்டது. மாதக்கணக்கில் படுக்கையில் போட்டாலும் ரத்தக் கட்டி வரும், நிமோனியா வரும். இரண்டு ஆபத்தையும் தட்டில் வைத்துப் பார்த்தால் நான் ஆபரேஷன் பக்கம்தான் நிற்பேன். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக முதுகில் ஊசியா, முழு மயக்கமா என்று ரொம்பக் குழம்ப வேண்டாம். இடுப்பு முறிவு நோயாளிகளிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் இரண்டையும் ஒப்பிட்டுச் செய்து 2021-ல் வெளியான பெரிய ஆய்வில், 60 நாள் கழித்து உயிர், நடை இரண்டிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பிரினுக்காக ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. குளோபிடோகிரல் சாப்பிடுபவருக்கு முதுகில் ஊசி போட வேண்டுமென்றால் ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளி பார்ப்பார்கள். அதற்காக ஒரு வாரம் படுக்க வைப்பதைவிட முழு மயக்கம் கொடுத்து உடனே முடிப்பது நல்லது. ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றோ மறுநாளோ செய்துவிடு என்பதுதான் பிரிட்டனின் வழிகாட்டுதல். நம் ஊரில் அது எப்போதும் நடக்காது, ஆனால் குறி அதுவாக இருக்கட்டும். மாத்திரையை நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மயக்க மருந்து டாக்டரிடம் வாதம் வந்த தேதி, எந்தப் பக்கம், சாப்பிடும்போது புரை ஏறுமா என்ற மூன்றையும் சொல்லிவிடுங்கள். வாதம் வந்தவர்களுக்கு ஒருவகைத் தசைத் தளர்வு மருந்தைக் கொடுத்தால், அதுவும் வாதம் வந்த முதல் மாதங்களில், ரத்தத்தில் பொட்டாசியம் திடீரென்று ஏறிவிடக்கூடும். தெரிந்தால் அதைத் தவிர்த்துவிடுவார்.

எலும்பு டாக்டரிடமும் ஒன்று கேளுங்கள்: "அப்பாவுக்குத் தொடை உள்பக்கமாக இறுகி இழுக்கிறது, பார்த்தீர்களா?" இந்த இறுக்கம்தான் புதிதாக வைத்த பந்தை, அது உட்காரும் இடுப்பெலும்புக் கிண்ணத்திலிருந்து நழுவ வைக்கும். அதற்காகவே இவர்களுக்குப் பின்பக்கம் திறக்காமல் பக்கவாட்டில் திறப்பதைப் பலர் விரும்புகிறோம். படுக்கும்போது இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையணை இருக்க வேண்டும்.

இனி சொல்லப்போவது என் சொந்த அனுபவம். என் அப்பாவுக்கும் வாதம் வந்த இடது பக்கம்தான் உடைந்தது. வேறொரு ஊரில், ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அருமையாக நடந்தது. அதற்கு முந்திய ஐந்து நாள் காலில் வெயிட் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். உணர்ச்சி மரத்த அந்தக் குதிகால் மெத்தையிலேயே அழுந்திக் கிடந்தது. யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, எக்ஸ்ரேயைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கறுத்த நாவல்பழம் மாதிரி ஒரு புள்ளி. இடுப்புத் தையல் பிரித்து நாலு மாதம் ஆகியும் குதிகால் ஆறவில்லை. அதனால்தான் உங்களிடம் போனில் முதல் வார்த்தையாக, "அப்பாவோட இடது குதிகாலைத் தூக்கிப் பாரும்மா" என்றேன். கெண்டைக்காலுக்குக் கீழே மடித்த துண்டு வைத்துக் குதிகால் எதிலும் படாமல் நிற்கட்டும்.

ஆபரேஷனுக்கு மறுநாளே உட்கார வைப்பார்கள், முடிந்தால் நிற்கவும் வைப்பார்கள். சாதாரண வாக்கர் வாங்கி வந்துவிடாதீர்கள், அதற்கு இரண்டு கை வேண்டும். அடியில் நாலு கால் உள்ள ஊன்றுகோல் வாங்கி நல்ல கையில் கொடுங்கள். கட்டிலை, அவர் நல்ல பக்கமாக இறங்கும்படி திருப்பிப் போடுங்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துவையுங்கள்.

எவ்வளவு தேறுவார்? விழுவதற்கு முந்தின நாள் எப்படி நடந்தாரோ அதற்கு ஒரு படி கீழே வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் இடுப்பு உடைந்தவர்களில் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் ஒரு வருடத்துக்குள் தவறிவிடுகிறார்கள் என்பதும் உண்மை. கையெழுத்துப் போடும் பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

எல்லோருக்கும் ஆபரேஷன் என்றும் சொல்ல மாட்டேன். பல மாதமாகப் படுத்த படுக்கையாக, ஆள் அடையாளம் தெரியாமல், கடைசிக் கட்டத்தில் இருப்பவர் என்றால் வலியை நன்றாக அடக்கி வீட்டில் வைத்துப் பார்ப்பதும் சரியான வைத்தியம்தான். ஆனால் வலியை அடக்குவது என்பது மாத்திரைச் சீட்டோடு முடியாது. தொடை மடிப்பில் நரம்பு மரத்துப்போக ஊசி போடும் வசதி இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

உங்கள் அப்பா திண்ணையில் பேப்பர் படித்தவர். அவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

(ஐந்தாம் நாள் முழு மயக்கத்தில் ஆபரேஷன் முடிந்தது. இப்போது ஆறாவது வாரம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருபது எண்ணும்வரை நிற்கிறாராம். எண்ணுவது சித்தப்பாவாம்.)

கேள்வி: என் மாமியாருக்கு வாதம் வந்த பக்கம் இடுப்பு உடைந்து ராடு போட்டாயிற்று. எலும்புக்கு வருடம் ஒரு ஊசி போடச் சொல்கிறார்கள். ஆபரேஷன்தான் முடிந்துவிட்டதே, அவசியமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அவசியம் என்றுதான் நினைக்கிறேன். நடமாட்டம் குறைந்த காலில் எலும்பு மெலிகிறது. விழுவதும் அந்தப் பக்கமாகவே, ஊன்றக் கையும் முன்னால் வராது. ராடு உடைந்த எலும்பைத் தாங்கும், மெலிவை மாற்றாது. நீங்கள் சொல்வது சோலெட்ரானிக் அமிலம், 5 மில்லிகிராம், சொட்டு சொட்டாக ஏற்றுவது. இடுப்பு முறிவு ஆபரேஷனுக்குப் பின் 90 நாளுக்குள் இதைத் தொடங்கியவர்களுக்குப் புது முறிவுகள் 35 சதவீதமும் மரணம் 28 சதவீதமும் குறைந்தன என்று 2007-ல் வந்த ஆய்வு காட்டியது. போடுவதற்கு முன் வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றும் பார்க்க வேண்டும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். ஊசி போட்ட ஓரிரு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், பாரசிட்டமால் போதும். அப்புறம், ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும், அங்கே கிடக்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள்.