லாயத்துல பல கை, ஒரே குதிரை: யாரு என்ன குடுத்தாங்கன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

கேள்வி: என் குதிரையை மாசக் கட்டணத்துக்கு ஒரு லாயத்துல விட்டிருக்கேன், மொத்தம் 14 குதிரை, காலைல ஒருத்தர் சாயங்காலம் இன்னொருத்தர் பாத்துக்கிறாங்க. போன வாரம் வலி மருந்தை ரெண்டு பேருமே குடுத்துட்டாங்க. வாட்ஸாப் குரூப்ல "குடுத்தாச்சு"ன்னு மெசேஜ் இருந்துச்சு, யாரும் பாக்கல. யாரையும் பகைச்சுக்காம இதை எப்படி சரி பண்றது?

பதில்: மொதல்ல குதிரையைப் பாப்போம். குடுத்த வலி மருந்து பினைல்பியூட்டசோனா இருந்து, டாக்டர்கிட்ட இன்னும் சொல்லலேன்னா இன்னைக்கே சொல்லிடுங்க, எத்தனை மணிக்கு எவ்வளவு போச்சுங்கிறதோட. அந்த மருந்து அளவு மீறுனா வயித்துல குடல்ல புண்ணு வரும், கிட்னிக்கும் ஆபத்து. குதிரையால வாந்தி எடுக்க முடியாது, உள்ள போனது போனதுதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்த ரெண்டு பேர் மேலயும் எனக்குக் கோவம் வரல, ரெண்டு பேருமே அக்கறையாத்தான் குடுத்திருக்காங்க. தப்பு எங்கன்னா, சேதி போன்ல இருந்துச்சு, குதிரை லாயத்துல இருந்துச்சு. கையில மருந்தோட நிக்கிறவர் கண்ணு எங்க இருக்கோ அங்கதான் எழுத்தும் இருக்கணும். அதனால ஒவ்வொரு குதிரையோட கதவுலயும் ஒரு அட்டை மாட்டுங்க, மருந்து குடுத்த கையோட, நகர்றதுக்கு முன்னாடியே, மணி, அளவு, பேரு மூணையும் எழுதணும். வெறும் டிக் போதாது, டிக் யாரு போட்டாங்கன்னு சாயங்காலம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அட்டையில எழுத்து இல்ல, குடுத்தாங்களான்னு சந்தேகமா இருக்குன்னா, கேட்டுத் தெரிஞ்சுக்கிற வரைக்கும் குடுக்கக் கூடாது. இதை ரெண்டு பேர்கிட்டயும் சேர்த்து உக்காந்து பேசுங்க, தனித்தனியா சொன்னா ஒருத்தர் மேல இன்னொருத்தர் புகார் சொன்ன மாதிரி ஆயிடும்.

குரூப்பை மூட வேண்டாம், லாடம் அடிக்க ஆள் எப்ப வர்றாரு, யாரு ஊருக்குப் போறாங்கன்னு சொல்ல அது போதும்.

தீவனத்துக்கும் இதே கதைதான். "ரெண்டு கட்டு காஞ்ச புல்லு"ன்னு எழுதாதீங்க, ஒருத்தர் கட்டு ரெண்டு கிலோ, இன்னொருத்தர் கட்டு மூணு கிலோ இருக்கும். 500 கிலோ குதிரைக்கு பொதுவா நாளைக்கு 8லேருந்து 10 கிலோ காஞ்ச புல் வேணும், ஒரு தொங்கு தராசு வாங்கி மாட்டிட்டா சண்டையே இல்ல. தானியம் அளக்குற டப்பாவும் எல்லாரும் ஒண்ணையே வச்சுக்கணும். தீவனத்தை மாத்துறதா இருந்தா 7லேருந்து 10 நாளைக்குள்ள கொஞ்சம் கொஞ்சமாத்தான் மாத்தணும், அது எந்த நாள்ல நிக்குதுன்னு அட்டையில இல்லேன்னா காலை ஆள் புதுசை பாதி போடுவாரு, சாயங்கால ஆள் முழுசா போட்டுடுவாரு, குதிரைக்கு வயித்து வலி வர அதுவே போதும்.

ஆள் மாறும்போது என்ன சொல்லணும்கிறதுலதான் நெறைய பேர் கோட்டை விடுறாங்க. "எல்லாம் நல்லாருக்கு"ன்னு சொல்றது தகவலே இல்ல. லத்தி எத்தனை தடவை போட்டுச்சு (சாதாரணமா நாளைக்கு 8லேருந்து 12 தடவை போடும்), புல்லு மிச்சம் வச்சுச்சா, வாளில தண்ணி எவ்வளவு குறைஞ்சுச்சு, நடை எப்படி, இந்த நாலும் சொன்னா போதும். தானா நிரம்புற தொட்டி வச்சிருந்தா குதிரை குடிக்கலங்கிறதே தெரியாம போயிடும், அதனால எனக்கு வாளிதான் பிடிக்கும். நல்லா இருக்கிற நாள்லயே ஒரு வாரம் உடம்புச் சூடும் நாடியும் மூச்சும் பாத்து எழுதி வைங்க: ஓய்வா நிக்கிற பெரிய குதிரைக்கு சூடு 37.2லேருந்து 38.3 டிகிரி செல்சியஸ், நாடி நிமிஷத்துக்கு 28லேருந்து 44, மூச்சு 8லேருந்து 16. உங்க குதிரையோட வழக்கம் எதுன்னு தெரிஞ்சாத்தான் மாறுனது கண்ணுக்குத் தெரியும்.

குதிரை தரையைக் காலால பறிக்குது, திரும்பித் திரும்பி விலாவைப் பாக்குது, புரளுது, லத்தி நின்னுபோச்சுன்னா, குரூப்ல போட்டோ போட்டு யாராவது பதில் சொல்லுவாங்கன்னு காத்திருக்கக் கூடாது. தீவனத்தை எடுத்துட்டு நேரா டாக்டருக்கு போன். அவர் சொல்லாம வலி ஊசி போடாதீங்க, வலி மறைஞ்சுட்டா உள்ள என்ன நடக்குதுன்னு கணிக்கிறது அவருக்குக் கஷ்டம்.

இதுக்கு உங்க கையெழுத்துப் போட்ட ஒரு தாள் இப்பவே லாயத்துல இருக்கணும். உங்க போன் கிடைக்கலேன்னா யாரு முடிவெடுக்கலாம், செலவு எதுவரைக்கும், ஆபரேஷன் வேணும்னா சம்மதமா இல்லையா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வண்டி யாரோடது. ஆபரேஷன் கேள்விக்குப் பதில் எழுத மனசு வராதுதான், ஆனா நடுராத்திரி ரெண்டு மணிக்கு, குதிரை வேர்த்துப் புரண்டுட்டு இருக்கும்போது, அந்த முடிவை வேலைக்கு வந்த பையன் தலைல போடுறது நியாயமே இல்ல. எழுதி தீவன அறைக் கதவுல ஒட்டிடுங்க.