நம்பகமான கணினிகளை மட்டும் அனுமதிப்பது: சர்வர் பார்க்கும் முகவரி எது?

கேள்வி: சிங்கப்பூரின் ஊபியில் சிறிய கணக்கியல் நிறுவனம் நடத்துகிறோம். அலுவலகத்திற்குள் இருந்த இணையச் சர்வரை அண்மையில் வெளியே ஒரு வாடகைச் சர்வருக்கு மாற்றினோம். 192.168.10 வரிசை முகவரிகளை மட்டும் அனுமதிக்கும் பழைய விதியை அப்படியே வைத்தும், இப்போது அனைவருக்கும் 403 பிழையே (அனுமதி மறுப்பு) வருகிறது. வீட்டிலிருந்து வேலை செய்யும் இரு ஊழியர்களையும் சேர்க்க வேண்டும். பயன்படுத்தும் இணையச் சர்வர் மென்பொருள் அப்பாச்சி 2.4.

பதில்: விதி தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, அது எதிர்பார்க்கும் முகவரிதான் இப்போது சர்வரை வந்தடைவதில்லை. 192.168 என்று தொடங்குபவை உள்வலையமைப்புக்கென ஒதுக்கப்பட்ட முகவரிகள். சர்வர் வெளியே போனபின், எந்த மேசையிலிருந்து கோரிக்கை புறப்பட்டாலும், உங்கள் ரவுட்டர் அதன் மீது தன் பொது முகவரியை இட்டே அனுப்புகிறது.

ஆகவே, முதலில் சர்வரின் அணுகல் பதிவைத் திறந்து, 403 என்று முடிந்த கோரிக்கைகள் எந்த முகவரியிலிருந்து வந்துள்ளன என்று பாருங்கள். அது 203.0.113.25 என்று வைத்துக்கொண்டால், எழுத வேண்டிய வரி ‘ரிக்வயர் ஐபி 203.0.113.25’ (Require ip 203.0.113.25) என்பதே. அந்த முகவரி நிலையானதா என்பதை இணையச் சேவை நிறுவனத்திடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்; மாறக்கூடியது என்றால் ஒருநாள் காலையில் அலுவலகமே வெளியே நிற்கும். பதிவில் ஐபிவி6 என்ற நீளமான புதுவகை முகவரி தென்பட்டால், அதில் உங்கள் வலையமைப்புக்குரிய தொடக்கப் பகுதியான முன்னொட்டையும் சேர்க்க வேண்டும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஒரே பகுதியில் பல ‘ரிக்வயர்’ வரிகள் இருந்தால், அவற்றுள் ஏதேனும் ஒன்று பொருந்தினாலே அப்பாச்சி அனுமதித்துவிடும். சோதனைக்காக எழுதிய ‘ரிக்வயர் ஆல் கிராண்டட்’ என்ற வரி நீக்கப்படாமல் இருந்தால், மற்ற வரிகளுக்குப் பயனே இல்லை. 2.2 பதிப்புக் கால ‘ஆர்டர்’, ‘அலவ்’, ‘டினை’ வரிகள் மிச்சமிருந்தால் அவற்றையும் எடுத்துவிடுங்கள். புதியவற்றோடு கலந்தால் விளைவைக் கணிப்பது கடினம்.

முகவரிக்குப் பதில் ‘ரிக்வயர் ஹோஸ்ட்’ என்று கணினியின் பெயரைக் கொடுக்கவும் வழியுண்டு. ஆனால் முகவரியிலிருந்து பெயரையும், அந்தப் பெயரிலிருந்து மீண்டும் முகவரியையும் சர்வர் தேடிச் சரிபார்ப்பதால் தாமதம் ஏற்படும். உங்களுக்கு அது தேவையில்லை.

வீட்டு இணைப்புகளின் முகவரி பெரும்பாலும் மாறிக்கொண்டிருக்கும். அதற்காகச் சேவை நிறுவனத்தின் முழு வரிசையையும் அனுமதிப்பது, முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானோருக்கும் கதவைத் திறப்பதாகும். அலுவலக ரவுட்டரில் விபிஎன் (வீட்டுக் கணினியை அலுவலக வலையமைப்போடு இணைக்கும் பாதுகாப்பான தடம்) அமைத்து, இந்தச் சர்வருக்கான போக்குவரத்து அதன் வழியாகவே செல்லுமாறு செய்யுங்கள். இந்த இரண்டாம் பகுதி விடுபட்டால், விபிஎன் இணைந்தபின்னும் 403 தொடரும்.

அலுவலகத்தின் விருந்தினர் வைஃபையும் பெரும்பாலும் அதே பொது முகவரியில்தான் வெளியேறும்; காத்திருக்கும் வாடிக்கையாளரும் சர்வரின் கண்ணுக்கு உங்கள் ஊழியரே. கணக்குகளில் தனிநபர் விவரங்கள் இருப்பதால், அவற்றைத் தகுந்த முறையில் பாதுகாக்கும் கடமையைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் மீது வைக்கிறது. முகவரி விதியோடு கடவுச்சொல்லும் கட்டாயம் இருக்கட்டும். இரண்டையும் ‘ரிக்வயர்ஆல்’ (<RequireAll>) தொகுதிக்குள் வைத்தால்தான் இரண்டுமே கேட்கப்படும்.

மாற்றியபின் ‘apachectl configtest’ கட்டளையால் விதிகளை எழுதிய முறையில் பிழை இல்லையெனக் கண்டு, பிறகு அமைப்பை மறுஏற்றம் செய்யுங்கள். கைப்பேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் அதே பக்கத்தைத் திறந்தால் 403 வர வேண்டும்.