ஒயின், எரிவாயு, வாக்குச்சீட்டு

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விரும்பும் சிறு நாடுகளை வெளி வல்லரசுகள் எப்படித் தடுக்கின்றன? எங்கள் ஊருக்கு அருகிலுள்ள கீழூரில் 1954இல் நடந்ததைப் போல வாக்கெடுப்பு நடத்திவிட்டால் தலையீடு எடுபடாதல்லவா?

– ஒரு வாசகர், வில்லியனூர், புதுச்சேரி

பதில்: கீழூரில் வாக்களித்தவர்கள் 178 மக்கள் பிரதிநிதிகள், அவர்களில் 170 பேர், அப்போது பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தனர். டெல்லியும் பாரிசும் முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்த வாக்கெடுப்பு அது. நாடு முழுவதும் வாக்களிக்கும்போது நிலைமை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் இலக்கை அரசியலமைப்பில் எழுதலாமா என்று 2024 அக்டோபர் 20 அன்று கிழக்கு ஐரோப்பாவின் சிறு நாடான மால்டோவாவின் மக்களிடம் கேட்கப்பட்டபோது, ‘ஆம்’ என்றவர்கள் 50.35 விழுக்காட்டினர் மட்டுமே. வெளிநாடுவாழ் மால்டோவர்களின் வாக்குகள் எண்ணப்பட்ட பிறகே அந்த நூலிழை வெற்றியும் கிடைத்தது. ரஷ்யப் பணம் வாக்குகளை விலைக்கு வாங்கியதாக அந்நாட்டு அரசு குற்றம் சாட்டியது. ரஷ்யா அதை மறுத்தது.

வாக்குக்குப் பணம் என்பது நமக்கும் புதிதல்ல. அதைவிட ஆழமாகப் பாய்வது, ஒரு நாடு ஏற்கெனவே எதை நம்பிப் பிழைக்கிறதோ அதில் கைவைப்பது. மது பாட்டிலுக்காக எல்லையில் சோதனை நடப்பதைக் காணும் புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும்: மால்டோவாவின் ஒயினுக்குப் பெருஞ்சந்தையாக இருந்த ரஷ்யா 2006இல் அதற்குத் தடை விதித்தது, 2013 செப்டம்பரில், ஒன்றியத்துடனான உடன்பாட்டில் மால்டோவா முதற்கையொப்பமிட இரண்டு மாதங்களே இருந்த வேளையில், தரக்குறைவைக் காரணம் காட்டி மீண்டும் தடை விதித்தது. ஆனால் ஒன்றியம் தன் சந்தையைத் திறந்துவிட்டதால் அந்த ஆயுதம் மழுங்கிப்போனது. 2025 ஜனவரி 1 அன்று, கடன் பாக்கியைச் சொல்லி ரஷ்ய அரசு நிறுவனமான காஸ்ப்ரோம் எரிவாயுவை நிறுத்தியபோது கடுங்குளிரில் அதிகம் தவித்தவர்கள், மால்டோவாவிலிருந்து பிரிந்து தனியாட்சி நடத்தும், ரஷ்யச் சார்புள்ள திரான்ஸ்னிஸ்திரியா பகுதி மக்களே.

ஒன்றியமும் கைகட்டி நிற்கவில்லை. வாக்கெடுப்புக்குப் பத்து நாள் முன்பு 180 கோடி யூரோ உதவித் திட்டத்தை அறிவித்தது. ஆனால் வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட உதவியையும் ஒளித்துக் கொடுக்கப்படும் பணத்தையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

என் கணிப்பில், வெளியாருக்கு மிகவும் வசதியானது ஒன்றியமே நீட்டிக்கும் காத்திருப்புதான். பால்கன் பகுதியின் சிறு நாடான மாண்டினீக்ரோ 2012இல் சேர்க்கைப் பேச்சைத் தொடங்கியது. ஒப்புதல் கைக்கு வராத இடைக்காலத்தில், 2014இல், சீன அரசு வங்கியிடம் பெருங்கடன் வாங்கி 41 கிலோமீட்டர் நெடுஞ்சாலை போட்டுக்கொண்டது.