வாசகர் கேள்வி–பதில்: பூங்காவுக்கு யார் பெயர்?

கேள்வி: எங்கள் மாநகராட்சி, பூங்காக்கள் மற்றும் நினைவுச் சின்னங்களின் பெயர்களை மறுபரிசீலனை செய்யக் குழு அமைத்திருக்கிறது. நல்லதோ கெட்டதோ, அவை நடந்தவற்றின் அடையாளங்கள்தானே? மாற்றினால் வரலாற்றை அழித்ததாகிவிடாதா?

பதில்: ஒரு பெயரோ சிலையோ எந்த ஆண்டில், யாருடைய முயற்சியால் வைக்கப்பட்டது என்று பார்த்தாலே உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், அடிமை முறையைக் காப்பதற்காகப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் தலைவர் ஜெபர்சன் டேவிஸுக்குப் பூங்கா ஒன்றில் சிலை இருந்தது. உள்நாட்டுப் போர் முடிந்தது 1865-ல்; சிலை எழுந்ததோ 1964-ல், அதாவது இன ஒதுக்கலைத் தடை செய்த குடிமை உரிமைச் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டில். அந்தச் சிலை போரைவிட, 1964-ல் அங்கே செல்வாக்கோடு இருந்தவர்கள் யாரைப் போற்ற விரும்பினார்கள் என்பதையே அதிகம் சொல்கிறது. பொது இடத்தில் ஒருவர் பெயரை வைப்பது அவருக்கு ஊர் செய்யும் மரியாதை. அதைத் திரும்பப் பெறுவதால் நடந்த எதுவும் நடக்காததாகிவிடாது, ஆவணங்களும் நூல்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதே சமயம், மாற்றம் கோருவோரும் பழைய தீர்மானத்தைத் தேடிப் படித்துவிட்டுப் பேசுவது நல்லது. பூங்காவுக்கு நிலம் கொடுத்தவர் என்பதற்காக மட்டுமே வைக்கப்பட்ட பெயரை, கொடுமை செய்தவருக்குச் சூட்டிய புகழோடு ஒரே தட்டில் வைக்க முடியாது.

கேள்வி: பெயரை மட்டும் மாற்றிவிட்டுச் சிலையை விட்டுவைத்தால் இரு தரப்பும் சமாதானமாகிவிடாதா?

பதில்: மெம்பிஸ் அதைத்தான் முதலில் செய்து பார்த்தது. அடிமை வணிகரும், வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் முதல் தலைவராகக் கருதப்படுபவருமான நேதன் பெட்ஃபோர்ட் ஃபாரஸ்டின் பெயரிலிருந்த பூங்கா, 2013-ல் நகர மன்றத் தீர்மானத்தால் ‘மருத்துவ அறிவியல் பூங்கா’ ஆனது. ஆனால் 1905-ல் வைத்த சிலையில் ஃபாரஸ்ட் குதிரைமேல் அமர்ந்தபடியேதான் இருந்தார். பெயர்ப்பலகை ஒன்று சொல்ல, பீடம் வேறொன்று சொன்னது. பொது நிலத்திலுள்ள நினைவுச் சின்னங்களை அகற்ற மாநிலச் சட்டம் தடையாக இருந்தது. மாநில வரலாற்று ஆணையமும் 2017-ல் அனுமதி மறுத்தது. அதனால் அந்த ஆண்டு டிசம்பரில் இரு பூங்காக்களையும் தலா 1,000 டாலருக்கு ஒரு லாப நோக்கற்ற அமைப்பிடம் நகரம் ஒப்படைத்தது. அன்றிரவே ஃபாரஸ்ட், டேவிஸ் சிலைகள் இரண்டும் இறக்கப்பட்டன. சட்டத்தின் இடுக்கில் புகுந்து வெளியேறிய சாமர்த்தியத்தை ரசிக்கலாம்தான். ஆனாலும் மக்களின் பூங்காவைக் கைமாற்றித்தான் ஒரு சிலையை அகற்ற முடியும் என்ற நிலைக்கு வந்தது நகரத்துக்குப் பெருமையில்லை. இந்த விஷயத்தில் சென்னைக்கு நல்ல முன்னுதாரணம் உண்டு: 1857 கிளர்ச்சியை ஈவிரக்கமின்றி ஒடுக்கிய நீல் துரையின் சிலை, 1927-ல் தொடங்கிய போராட்டத்துக்குப் பின் 1937-ல் மவுண்ட் ரோட்டிலிருந்து அகற்றப்பட்டு, பின்னாளில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கே அதைப் பார்க்கலாம், படிக்கலாம்; வணங்கி நிற்க வேண்டியதில்லை.

கேள்வி: புதிய பெயரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: அவசரப்படாமல். அமெரிக்காவின் சார்லட்ஸ்வில் நகரம், உள்நாட்டுப் போரில் தென் மாநிலப் படைத் தளபதியாக இருந்த லீயின் பெயரிலிருந்த பூங்காவை 2017-ல் ‘விடுதலைப் பூங்கா’ ஆக்கியது. உயர்ந்த எண்ணம்தான், ஆனால் கறுப்பின மக்களிலேயே சிலர் அந்தப் பெயரை ஏற்கவில்லை. மறு ஆண்டே அது பக்கத்துத் தெருவின் பெயரால் ‘மார்க்கெட் தெருப் பூங்கா’ ஆயிற்று. அதே நாட்டின் டல்லாஸ் நகரிலிருந்த லீ பூங்காவும் 2017-ல் தன் பழைய பெயரான ‘ஓக் லான்’ என்பதற்குத் திரும்பி, 2019-ல் அருகில் ஓடும் ஓடையின் பெயரைப் பெற்றது. ஓடை, தெரு, மரம் ஆகியவற்றின் பெயர்கள் சுவையற்றவை என்று சிலர் குறைப்படலாம். எனக்கு அவைதான் பிடிக்கின்றன. ஒரு மனிதரின் பெயர்தான் வேண்டும் என்று உங்கள் குழு முடிவெடுத்தால், பட்டியலை முதலில் பூங்காவைச் சுற்றிக் குடியிருப்பவர்களிடம் காட்டச் சொல்லுங்கள். உயிரோடு இருப்பவர் எவருடைய பெயரும் அதில் வேண்டாம் என்று எழுதியும் கொடுத்துவிடுங்கள்.