நிலைத்தன்மை உள்ள விமானம் ஆட ஆரம்பித்தால், ஆட்டம் தானாக அடங்கிவிடுமா?

கேள்வி இதுதான்: காற்று தள்ளிவிட்டாலும் விமானம் தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும் என்றால், ‘டைனமிக்’ நிலைத்தன்மை என்று தனியாக எதற்கு?

வரும். ஆனால் வந்த வேகத்தில் மறுபக்கமும் போய்விடும். ஷாக் அப்சார்பர் போன வண்டியில் ஸ்பிரிங் ஒழுங்காகத்தான் வேலை செய்யும், ஆனாலும் வண்டி குதித்துக்கொண்டே போகும். திருப்பிக் கொண்டுவரும் விசை வேறு, ஆட்டத்தைத் தணிக்கும் விசை வேறு. ஆட்டம் போகப் போக அடங்குவதுதான் ‘டைனமிக்’ நிலைத்தன்மை.

மூக்கு சட்டென்று மேலும் கீழும் ஆடும் குறுகிய அலைவு பெரிய கவலை இல்லை. மூக்கு எழும்போது வால் இறங்கும். இறங்கும் வால்சிறகைக் காற்று கீழிருந்து எதிர்த்துத் தள்ளும். பெரும்பாலும் ஓரிரு வினாடிகளில் அடங்கிவிடும்.

என்னை ரொம்பவே யோசிக்க வைத்தது ஃபியூகாய்டு என்ற நெடிய அலைவுதான். 1908-இல் பிரிட்டிஷ் பொறியாளர் லான்செஸ்டர் வைத்த பெயர் அது. சிறிய விமானம் ஒன்று மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் போகிறது, மூக்கைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஏறும், வேகமானியின் முள் இறங்கும். வேகம் குறைந்ததும் மூக்கு தாழும், முள் மறுபடி ஏறும். ஒரு சுற்றுக்குச் சுமார் 25 வினாடி. உயரமும் வேகமும் மாறி மாறிக் கைமாறுகின்றன, அவ்வளவுதான். இதைத் தணிப்பது முக்கியமாகக் காற்றின் இழுவை. அதனால் இழுவை குறைவாக, வழவழப்பாக வடிவமைத்த விமானத்தில்தான் ஃபியூகாய்டு மெதுவாக அடங்கும்!

சாதாரணமாக விமானி இதைக் கவனிக்காமலே சரிசெய்துவிடுவார். 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் 232 விமானத்தில் அது முடியவில்லை. அந்த டிசி-10 விமானத்தின் வால் இன்ஜின் விசிறி உடைந்து, வால், இறக்கைகளில் உள்ள கட்டுப்பாட்டுப் பலகைகளை அசைக்கும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் போயின. மிச்சம் இருந்தது இரண்டு இறக்கை இன்ஜின்களின் பவரைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் மட்டும். மூக்கு தாழ்ந்து வேகம் கூடும்போது பவரைக் கூட்ட வேண்டும், மூக்கு எழுந்து வேகம் குறையும்போது பவரைக் குறைக்க வேண்டும். கை பழகிய வழக்கத்துக்கு நேர் எதிர். அதோடு இன்ஜின் உடனே பதில் சொல்லாது. முன்கூட்டியே செய்யாவிட்டால் ஆட்டம் பெருகும். அந்த நிலையிலும் சூ சிட்டி (Sioux City) ஓடுபாதை வரை கொண்டுவந்தார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அந்தக் குழுவின் திறமைக்கு ஈடாக எதையும் என்னால் சொல்ல முடியாது.

அப்புறம் டச்சு ரோல். மூக்கு இடவலமாக ஆட, கூடவே இறக்கைகளும் மாறி மாறிச் சாயும். பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை கொண்ட ஜெட்டுகளில், காற்று மெலிந்த உயரத்தில் இது எளிதில் அடங்காது. அதற்குத்தான் யா டாம்பர் (yaw damper) என்ற தானியங்கிக் கருவி. மூக்கு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை அது பார்ப்பதில்லை. எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை ஜைரோ என்ற உணரி மூலம் அளந்து, மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் பலகையான ரடரை எதிராக அசைக்கிறது. தணிப்பு என்றாலே அசைவின் வேகத்தை எதிர்ப்பதுதான். விமானி வேண்டுமென்றே சீராகத் திருப்பும்போது குறுக்கிடக் கூடாது என்பதால், நீடிக்கும் திருப்பத்தைக் கண்டுகொள்ளாமல் விட ஒரு வடிகட்டியும் அதில் உண்டு. யா டாம்பர் பழுதானால் சில ஜெட் விமானங்களை உயரத்தையும் வேகத்தையும் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும்.