பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் மரங்களைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லையே, ஏன்?

ஒரு மணி நேரம் படகில் சுற்றியும் நண்டோ பறவையோ பார்க்கவில்லை என்கிறீர்கள். தண்ணீர் ஏறியிருந்த நேரத்தில் போயிருப்பீர்கள். அங்கே பெரும்பாலான உயிர்களுக்குச் சோறு போடுவது சேறு. அது மூழ்கிக் கிடந்தால் நண்டு வளைக்குள் போய்விடும், சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவைகள் வேறு திட்டைத் தேடிப் பறந்துவிடும்.

அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் போங்கள். இந்தக் கரையில் கடல்நீர் ஏறி இறங்கும் ஏற்றவற்றமே ஒரு மீட்டருக்குள்தான். அதுவும் அஷ்டமியை ஒட்டி மிகச் சுருங்கிவிடும். நாளுக்கு நாள் ஏற்றம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். கடலோர ஏற்றவற்ற அட்டவணையை அப்படியே நம்ப வேண்டாம். முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து சேரத் தண்ணீருக்கு நேரம் பிடிக்கும். "தண்ணி எப்ப வத்த ஆரம்பிக்கும்?" என்று துடுப்புப் படகோட்டியிடம் கேட்பதே மேல். வற்றத் தொடங்கியதும் ஏறுங்கள். முழுக்க வற்றிய பிறகு போனால் குறுகிய வாய்க்காலில் படகு தரைதட்டும்.

மோட்டார் படகு வேண்டாம். சத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும், அது அந்தச் சிறு வாய்க்கால்களுக்குள் நுழையவே நுழையாது.

சேற்றோரம் தெரிந்ததும் துடுப்பை நிறுத்தச் சொல்லி, உங்கள் நிழல் சேற்றில் விழாதபடி ஐந்து நிமிடம் அசையாமல் இருங்கள். பலரும் இரண்டு நிமிடத்தில் பொறுமை இழந்துவிடுகிறார்கள், அதுதான் சிக்கல். முதலில் சிறு நண்டுகள் தலைகாட்டும். ஒரு கொடுக்கு மட்டும் பெருத்தது ஆண். அதை ஆட்டித்தான் பெண்ணை அழைக்கும். பக்கத்திலேயே சேற்றில் தத்தும் உளுவை மீன் அவ்வப்போது தண்ணீரில் புரளும். ஈரத்தோல் வழியாகவும் மூச்சு விடுவதால் அது உலரக் கூடாது. ஒருவேளை ஏற்றத்தில் மாட்டிக்கொண்டால் வேர்களைப் பாருங்கள். நத்தைகளும் சில நண்டுகளும் அங்கே ஏறி உட்கார்ந்திருக்கும்.

வலசைப் பறவைகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை. அதில் முதல் பாதி வடகிழக்குப் பருவமழை, வானிலை பார்த்துக் கிளம்புங்கள். தொலைநோக்கி 8 மடங்கு போதும். ஆடும் படகில் 10 மடங்கு காட்சியையும் சேர்த்து ஆட்டும்.

மரங்களையும் விட்டுவிடாதீர்கள். தண்ணீரோரம் முட்டுக்கால் போல வேர் ஊன்றி நிற்பது சுரபுன்னை. அதற்குப் பின்னால் தரையிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சுவேர் நீட்டியிருப்பது வெண்கண்டல். அதன் இலையை நக்கினால் உப்புக் கரிக்கும். படகை விட்டு இறங்கினால் முழங்கால்வரை புதைவீர்கள், அந்த மூச்சுவேர்களும் முறியும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரமும் இங்கே உண்டு. அதன் கிளையை மட்டும் ஒடிக்காதீர்கள். வடியும் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.