ரிக்டரின் ‘பிர்கெனாவ்’: ஓவியமா, தத்துவமா, மாட்டிய விதமா?

ஜெர்மானிய ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 2014இல் வரைந்த ‘பிர்கெனாவ்’ என்ற நான்கு படங்களைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

அக்கா, தற்கால ஓவியம் புரிய தத்துவம் படித்தே ஆகணுமா?
வேண்டாம். முதலில் படத்தின் முன்னால் நில்லுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் குறிப்பைக் கடைசியில் படியுங்கள்.

தத்துவவாதி சொல்வதை ஓவியர் வரைகிறார், கண்காட்சியை அமைக்கும் கியூரேட்டர் மாட்டுகிறார். அவ்வளவுதானே?
இல்லவே இல்லை. 1944 கோடையில் நாஜிகளின் பிர்கெனாவ் மரண முகாமில், பிணங்களை எரிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட யூதக் கைதிகள் ஒளித்துவைத்த கேமராவில் நான்கு படங்கள் எடுத்தார்கள். பிலிம் பற்பசைக் குழாய்க்குள் வைத்து வெளியே கடத்தப்பட்டது. இரண்டு படங்களில் விளிம்பு கருகருவென்று இருக்கும். எடுத்தவர் உள்ளே இருட்டில் ஒளிந்து, வாசல் வழியாக எடுத்திருக்கிறார். பின்னாளில் அச்சிட்ட பலர் அந்தக் கருப்பை வெட்டிவிட்டு, புகையையும் பிணங்களையும் மட்டும் பெரிதாக்கினார்கள்.

2001இல் பாரிசில் முகாம் புகைப்படங்களுக்கென்றே ஒரு கண்காட்சி. அதன் நூலில் எழுதிய தத்துவவாதி ஜார்ஜ் திதி-யூபர்மான், கருப்பை வெட்டினால் எடுத்தவர் பட்ட ஆபத்தும் சேர்ந்து போய்விடுகிறது என்று வாதிட்டார். அந்தக் கொடுமையை எந்தப் படமும் காட்ட முடியாது என்று எழுத்தாளர் ஜெரார் வாஜ்மான் போன்றவர்கள் அவர்மேல் பாய்ந்தார்கள். 2003இல் திதி-யூபர்மான் புத்தகமாகவே பதில் சொன்னார். அது ஜெர்மன் மொழியில் வந்த பிறகுதான் ரிக்டர் அந்த நான்கு புகைப்படங்களை வைத்து இந்த ஓவியங்களில் இறங்கினார். கண்காட்சியில் பிறந்த தத்துவம் ஓவியருக்குப் போய், ஓவியம் திரும்பக் கண்காட்சிக்கு வந்திருக்கிறது. இதில் யார் எஜமான், யார் வேலைக்காரர்?

கியூரேட்டர் படிப்பு எங்கே படிக்கலாம்?
என் துறை இல்லை. எழும்பூர் கவின் கலைக் கல்லூரியில் விசாரியுங்கள்.

குறிப்பைக் கடைசியில் படி என்கிறீர்கள். ‘பிர்கெனாவ்’ என்று சொல்லாவிட்டால் அது வெறும் சாம்பல் தீற்றல்தானே?
நல்ல கேள்வி, இதற்குத்தான் அதிகம் பேர் சண்டைக்கு வந்திருக்கிறீர்கள். 260 செ.மீ. உயரக் கேன்வாஸில் புகைப்படத்தைக் கரியால் வரைந்து, அதன்மேல் பூசி, நீளப் பட்டையால் இழுத்து, மறுபடி பூசியிருக்கிறார். கருப்பு, சாம்பல், ஊடே சிவப்பும் பச்சையும். அடியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பெர்லினில் மாட்டியபோது நான்கு புகைப்படங்களின் சிறு அச்சுப்பிரதிகளும், எதிரே பெரிய சாம்பல் கண்ணாடிகளும் சேர்ந்தே இருந்தன. குறிப்பு, என்ன உணர வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும். புகைப்படம் அப்படிச் செய்யாது. அதைப் பார்த்துவிட்டு ஓவியத்துக்கு நடக்கும்போது சுமப்பது நீங்கள்தான். கண்ணாடியில் தெரிவதும் நீங்கள்தான்.

அப்படியென்றால் தலைப்புதான் ஓவியமா?
மேலே சொல்லிவிட்டேன்.

தத்துவத்தில் எங்கே தொடங்க?
முதல் பதிலைப் பாருங்கள். குறிப்பைக் கடைசியில்!

மறைக்கப்போகிறவர் ஏன் வரைய வேண்டும்? வாஜ்மான் கட்சி ஜெயித்துவிட்டதே?
அப்படி நினைக்கவில்லை. கையால் வரைந்து பார்த்த பிறகு மூடுவது வேறு, வரையவே கூடாது என்பது வேறு. 1990களில் பெர்லின் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு முகாம் படங்களை வைத்துச் செய்ய ரிக்டர் யோசித்து, கைவிட்டார். பதிலாக, கொடியின் கருப்பு-சிவப்பு-பொன் நிறங்களில் உயரமான கண்ணாடித் தகடுகள் அங்கே போயின. 2017 முதல் அதே மண்டபத்தில், அவற்றுக்கு நேர் எதிரே, ‘பிர்கெனாவ்’ படங்களின் அச்சு வடிவம் தொங்குகிறது. அந்த மண்டபம் வழியாகப் போகிறவர்கள் அந்த இரண்டுக்கும் நடுவேதான் போக வேண்டும்.